ஊர்ப்பெயர் முத்திரை

மொன்றியல், கோட்-டெ-நெய்ஜ்
9 பெப்ரவரி 2025

யோகன்,

இதைக் கிழிக்கப் போவதானால் வாசித்துவிட்டுக் கிழி. போனில் என் நம்பரை மூடிவிட்டாய். பிரஷாந்தினியின் போனிலிருந்து எடுத்தேன், அதையும் மூடிவிட்டாய். அவள் என்ன பாவம் செய்தாள்? உன் மருமகள்தானே. அதனால் தபால். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தமிழில் பேனா பிடிக்கிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை டொலார்ட் கோயிலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில், அந்தக் கடதாசியை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இது ஆற்றை கையெழுத்து? சொல்லுங்கோ அக்கா, ஆற்றை கையெழுத்து?" என்று கத்தினாய். அர்ச்சனைத் தட்டோடு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போய்விட்டார். மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி வந்தவன் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கக் கூடாதா?

ஓம், என் கையெழுத்துத்தான். எஸ். மகேந்திரராசா. சான்-லோரனில் நான் வேலை செய்கிற பொதியிடும் கொம்பனியில் மூன்று வருஷமாக அதைத்தான் போடுகிறேன். வந்து சேருகிற கஞ்சாப் பூ ஒவ்வொரு லொட்டுக்கும், ஒவ்வொரு தொகுதிக்கும், அரசாங்கச் சட்டப்படி ஒரு படிவம் இருக்கும். எந்த ஊரில் விளைந்தது, எப்போது வெட்டியது, என்ன நிறை. நான் நிரப்பிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் பெட்டியில் ஊர் முத்திரை ஒட்டுவார்கள்.

நான் வல்-மொரேல் என்று எழுதினேன், உன்னுடைய பள்ளத்தாக்கின் பெயரை. பூ வந்தது ஒன்ராறியோவில் ஒரு கண்ணாடிக் கூடத்திலிருந்து. ஆனால் செடி உன்னுடைய செடி, யோகன். முந்தின வருஷம் நீதானே நடுவதற்குத் தண்டு வெட்டி எங்கள் கொம்பனிக்கு விற்றாய்? அதைத்தானே அங்கே நட்டார்கள்? தாய்ச்செடி உன் தோட்டத்தில்தானே நிற்கிறது?

பிரஷாந்தினி பிறந்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில். எங்கள் காரைநகரை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கோயிலில் ஒரு மாமி "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டால் "காரைநகர்" என்றுதான் சொல்கிறாள். நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நானும் அந்தப் படிவத்தை அந்தப் புத்தியோடுதான் நிரப்பினேன். இது களவு இல்லை. எங்கள் ஆட்களின் பழக்கம், அவ்வளவுதான்.

சாப்பிடுகிறாயா? கோயிலில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அக்கா

வல்-மொரேல்
18 பெப்ரவரி 2025

அக்கா,

போனைத் திறக்க மாட்டேன். போனில் கதைத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் விட்டுவிடுவேன். இந்த முறை விட முடியாது. எழுத்தில் இருக்கட்டும்.

பிரஷாந்தினி காரைநகர் என்று சொல்வதால் யாருடைய தோட்டமும் அழிந்து போகவில்லை. நீங்கள் எழுதியதால் இங்கே ஆறு தோட்டம் அழியப் போகிறது. உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது என்று நினைத்து முதலிலிருந்து சொல்கிறேன்.

கண்ணாடிக் கூடக்காரன் வருஷத்துக்கு ஐந்து தரம் வெட்டுகிறான். எங்களுக்கு ஒரே ஒரு தரம், ஒக்டோபரில், உறைபனிக்கு முன்னால். அவன் விலைக்கு எங்களால் விற்க முடியாது. நான் இங்கே வந்தபோது எட்டுத் தோட்டம் இருந்தது. இரண்டு பேர் மூடிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் பேனாட் இந்த முத்திரையைப் பிடித்தார். பக்கத்துத் தோட்டக்காரர், முன்னாளில் பால்மாடு வளர்த்தவர், அறுபத்தெட்டு வயது. மூன்று வருஷம் மண்ணைச் சோதித்து, விதிகளை எழுதி, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். வல்-மொரேல் மண்ணில், திறந்த வானத்தின் கீழே வளர்ந்து, கையால் வெட்டி, இங்குள்ள கொட்டிலில் காய்ந்த பூவுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். தாய்ச்செடி எங்கே நிற்கிறது என்று ஒரு வரியும் விதியில் இல்லை. எங்கே வளர்ந்தது என்பதுதான் கேள்வி.

அந்தப் பெயர் வந்த பிறகு சனம் கடையில் கேட்டு வாங்கத் தொடங்கியது. முதல் தரமாக நான் பனிக்காலத்தை நிம்மதியாகக் கழித்தேன். இந்த முறை எங்கள் பூ முழுவதும் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே விற்றுத் தீர்ந்தது. தை மாதம் பேனாட் நகரத்துக்குப் போனபோது கடைத் தட்டு நிறைய வல்-மொரேல் இருந்தது. ஒன்றை வாங்கிப் பிரித்தார். இயந்திரம் வெட்டிய பூ. அந்த மனுஷன் அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முறைப்பாடு கொடுத்து லொட்டுப் படிவத்தின் பிரதியை எடுத்தார்கள். அதில் விளைவித்தவர் என்ற இடத்தில் என்னுடைய லைசென்ஸ் இலக்கம் இருக்கிறது. நீங்கள் எழுதியது. தண்டு விற்றவனும் நான். ஆகவே பெயரையும் நானே வாடகைக்கு விட்டேன் என்று நினைக்கிறார்கள். மார்ச் 22ஆம் திகதி முத்திரைக் குழு என்னை விசாரிக்கிறது. குழுவிலிருந்து நீக்கினால் பெயர் போகும், பொதுக் காயவைக்கும் கொட்டிலும் போகும். கொட்டில் இல்லாமல் இந்த வருஷ விளைச்சலை நான் எங்கே தொங்கவிடுவது?

எனக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். யோகேந்திரனுக்கு இது தெரியாது, அவரைக் கேட்காமல் நான் எழுதினேன் என்று. அது போதும்.

யோகன்

மொன்றியல்
1 மார்ச் 2025

யோகன்,

ஒரு பக்கம் போதும் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்.

கொம்பனியில் எல்லோருக்கும் ஒரு அறிவித்தல் தந்திருக்கிறார்கள். வெளியாரோடு லொட்டுகளைப் பற்றிக் கதைத்தால் வேலை இல்லை. ஸ்ரீதரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் மேலதிகாரி, எங்கட ஆள்தான், எனக்கு இந்த வேலையைத் தந்ததே அவர்தான். கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. வாயைத் திறக்காமல் இருந்தால் இது தானாய் அடங்கும். திறந்தால் உங்களோட நிக்காது, நீங்கள் கொண்டு வந்து சேர்த்த பிள்ளையளும் போகும்" என்றார்.

பதினான்கு பெண்கள், யோகன். நான்தான் ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். வத்சலாவின் புருஷனுக்கு டயாலிசிஸ். இன்னொருத்தி அடைக்கலக் கோரிக்கை தீராமல் இருக்கிறாள், வேலைக் கடிதம் இல்லாவிட்டால் சட்டத்தரணி கை விரித்துவிடுவார். காலையில் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்துகொண்டு நான் இதை எப்படி எழுதுவது?

கொஞ்சம் பொறு. உன் குழுவிடம் ஒரு மாதம் தவணை கேள். பேனாட் நல்ல மனிதர் என்கிறாயே, தர மாட்டாரா?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். நீ அந்தக் காணியை வாங்கியபோது எங்களிடம் ஒரு சொல் கேட்டாயா? கஞ்சா என்ற சொல்லை அத்தானின் ஆட்களுக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? தம்பி ஸ்ட்ரோபெரி செய்கிறான் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு மாமி ஒருநாள் பழம் கேட்டாள், ஜான்-டலோன் சந்தையில் இரண்டு பெட்டி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானும் உனக்காகக் கொஞ்சம் பட்டிருக்கிறேன்.

அக்கா

வல்-மொரேல்
7 மார்ச் 2025

அக்கா,

ஸ்ட்ரோபெரி என்று சொன்னது எனக்காக இல்லை, உங்களுக்காக. கொம்பனியில் அதே பூவைக் கையால் அள்ளுகிறீர்கள், அது மருந்துக் கொம்பனி மாதிரி என்று கோயிலில் சொல்வீர்கள். நான் மண்ணில் வளர்த்தால் வெட்கம். ஐந்து வருஷத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து பார்த்தீர்களா? வராததால்தான் இவ்வளவும் உங்களுக்கு வெறும் கடதாசியாகத் தெரிகிறது.

தவணை கேட்டேன். தரவில்லை. காயவைக்கும் கொட்டிலின் பூட்டுத் திறப்பை நேற்று வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பேனாட் வரவில்லை, மகனை அனுப்பியிருந்தார். முந்தி ரோட்டில் கண்டால் வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்குவார்கள். இப்போது அதுவும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கறுத்த ஆள் நான் ஒருவன்தான். ஏமாற்றியவன் யார் என்று தேட அவர்களுக்கு வெகுநேரம் பிடிக்கவில்லை.

பதினான்கு பெண்களை எனக்கும் விளங்குகிறது. அவர்களுக்காக நீங்கள் நில்லுங்கள். அப்படியானால் எனக்காக நிற்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், நான் எதிர்பார்க்காமல் இருந்துவிடுவேன்.

யோகன்

மொன்றியல்
14 மார்ச் 2025

தம்பி,

இத்தோடு இருக்கிறது நீ கேட்ட பக்கம். பிரெஞ்சில் எழுதி, சத்தியக் கடதாசி முடிக்கிறவரிடம் போய், அவருக்கு முன்னால் கையெழுத்து வைத்தேன். வாசித்தால் நீ கேட்டதை விடக் கூட இருக்கும். ஏனென்றால் உனக்கு முதல் கடிதத்தில் நான் எழுதியது முழு உண்மை இல்லை.

முதல் இரண்டு லொட்டும் நான் சொன்ன மாதிரித்தான், ஊர்ப் புத்தியில் எழுதியது. மூன்றாவதில் எனக்குச் சந்தேகம் வந்து ஸ்ரீதரனிடம் கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வளர்ந்த இடத்தைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. காட்டிவிட்டு, "இவ்வளவு நாளும் எழுதின மாதிரியே எழுதுங்கோ அக்கா, இனி மாத்தினால் முந்தினதும் பிழை எண்டு வந்திடும்" என்றார். பிறகும் ஒன்பது லொட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்துகொண்டே போட்டேன்.

ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பயம்தான். நாற்பத்தொன்பது வயதில் திரும்பவும் ஆஸ்பத்திரி நிலம் துடைக்கப் போவது என்ற பயம். உன்னுடைய இலக்கத்தை ஒவ்வொரு தரம் எழுதும்போதும் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பெயர் நாலு இடத்தில் போகிறது, நல்லதுதானே என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, யோகன்.

பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் சொல்வேன்.

அக்கா

மொன்றியல்
29 மார்ச் 2025

தம்பி,

விசாரணை முடிந்து ஒரு கிழமை. உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்கம் உதவியதா, இல்லையா? நல்ல செய்தியானால் எழுதியிருப்பாய் என்று அத்தான் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னை நிறுத்திவிட்டார்கள். ஸ்ரீதரன் வாசல் வரை வந்து வேலை அட்டையை வாங்கினார், முகத்தைப் பார்க்கவில்லை. வியாழன் ஒரு பொதியிடும் வரிசையையே மூடினார்கள். ஆறு பெண்கள் போய்விட்டார்கள், அதில் வத்சலாவும் ஒருத்தி. வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினாள். நான் சமைத்துக் கொண்டுபோனதை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. அத்தான் வேலைக்குப் போனதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னது சரி, ஐந்து வருஷத்தில் நான் ஒரு நாளும் அங்கே வரவில்லை. அது எனக்குக் குத்துகிறது. ஏப்ரல் 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பக்கத்து ரவுனில் இறங்கி அங்கிருந்து எப்படியும் வந்து சேருவேன், நீ வேலை விட்டுவிட்டு வர வேண்டாம். இரண்டு நாள் நின்று, சமைத்து வைத்துவிட்டு, உன் மண்ணையும் பார்த்துவிட்டுப் போகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அக்கா

வல்-மொரேல்
4 ஏப்ரல் 2025

அக்கா,

வர வேண்டாம்.

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாகத் தெரியவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் உதவியது. என்னை நீக்கவில்லை, திறப்பைத் திருப்பித் தந்தார்கள். கடிதத்தை பேனாட்தான் சத்தமாக வாசித்தார். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன் என்ற இடத்தில் ஒரு தரம் நிறுத்தி, தன்னைத் தானே குற்றம் சொல்கிற ஆள் பொய் சொல்லமாட்டாள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு குழுவில் ஒருவன் என்னிடம் கேட்டான், இந்தப் பெண் உனக்கு உறவா என்று.

இல்லை என்றேன்.

உறவு என்றால் அந்தப் பக்கம் அந்த இடத்திலேயே செல்லாக் காசாகிவிடும், அக்கா. அக்காள் தம்பியைக் காப்பாற்ற எழுதியது என்பார்கள். அதைவிட, தம்பியும் அக்காளும் சேர்ந்து ஆடிய ஆட்டம் என்பார்கள். தண்டை நான் கொடுத்தேன், கையெழுத்தை நீங்கள் போட்டீர்கள், வேறென்ன வேண்டும்? கடதாசியில் என் பெயருக்குப் பின்னால் அருமைராசா, உங்கள் பெயருக்குப் பின்னால் மகேந்திரராசா. இந்த ஊரில் கூடப்பிறந்தவர்களுக்கு ஒரே குடும்பப் பெயர்தான். ஆகவே நம்பினார்கள். எங்கள் நாட்டு ஆள், முகம் தெரியாது என்று சொன்னேன். பேனாட் என் தோளில் கைவைத்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிப்போனது கிடையாது.

முத்திரையைப் பற்றிக் கேட்டால், அது பாதி செத்துவிட்டது. வல்-மொரேல் பெயர் போட்ட எல்லாவற்றையும் கடைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், நல்லது கெட்டது பார்க்காமல். வடக்கே இன்னொரு ஊர்க்காரர் இதே மாதிரி முத்திரைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், திருப்பி எடுத்துவிட்டார்கள். ஊர்ப்பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்த சனம் இனி ஏன் கொடுக்கும்? உங்கள் கொம்பனி வேறு பெயரில் பொதி செய்கிறது என்று கேள்வி. பேனாட் இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்கிறார். என்னை நம்பி என் தோட்டத்தையும் சேர்த்துத்தான் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கிறார்.

ஆகவே நீங்கள் இங்கே வந்து யார் கண்ணிலும் படக்கூடாது. உண்மை தெரிந்தால் விசாரணையில் பொய் சொன்னவன் நான். கொட்டிலும் தோட்டமும் போகும், அந்தக் கிழவரின் முத்திரையும் மிச்சமில்லாமல் போகும். இந்த வருஷ விளைச்சல் முடியட்டும். பனிக்காலத்தில் நான் மொன்றியலுக்கு வந்து உங்கள் காலில் விழுகிறேன். அதுவரை கடித உறையின் பின்பக்கம் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

யோகன்

மொன்றியல்
12 ஏப்ரல் 2025

யோகன்,

உன் கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. உள்ளே 4 என்று எழுதியிருக்கிறாய், உறையில் தபால்காரன் குத்தியது 8ஆம் திகதி. நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாயா? நேற்று வெள்ளிக்கிழமை காலை நான் பஸ் ஏறிப் போன பிறகு பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

நான் வந்தேன், யோகன்.

ரவுனில் இறங்கி டாக்சி கேட்டேன், இல்லை என்றார்கள். இரண்டு பையோடு ரோட்டோரமாக நடந்தேன். ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் பனி. பின்னால் வந்த ஒரு பழைய பிக்கப் நின்றது. ஒரு வயதான மனிதர் கண்ணாடியை இறக்கி, பொன்ஜூர் மடாம், எங்கே போகிறாய் என்று கேட்டார். யோகேந்திரனின் தோட்டத்துக்கு என்றேன். ஏறு, அவன் என் பக்கத்துத் தோட்டம் என்றார். பேனாட் என்று பெயரைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். நீ எழுதிய நல்ல மனிதர். பைகளை அவரே தூக்கி வைத்தார். வண்டியில் சூடு போட்டு விட்டார்.

அவனுக்கு என்ன உறவு என்று கேட்டார். அக்கா என்றேன். சொந்த அக்கா, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்றேன். என் ஓட்டைப் பிரெஞ்சில் அதை இரண்டு தரம் சொன்னேன், விளங்காமல் போய்விடுமோ என்று. போனை எடுத்து, என் கலியாணத்தில் நீ வேட்டியோடு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிற படத்தையும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு பார்த்தார். பிறகு என் பெயர் கேட்டார்.

சிவாஜினி மகேந்திரராசா என்றேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். தம்பியின் பெயர் வேறாக இருக்கிறதே என்று மெல்லக் கேட்டார். எங்கள் ஆட்களில் அப்படித்தான், ஆண்பிள்ளைக்குத் தகப்பன் பெயர், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் பெயர் என்று நான் விளக்கமாகச் சொன்னேன். தெரியாத மனிதருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, விரல் மடக்கி. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நீ இன்று வீட்டில் இல்லை, தூர இடம் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். பஸ் நிறுத்தத்தில் பைகளை இறக்கித் தந்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீ வந்ததும் கொடுக்கச் சொல்லிச் சாப்பாட்டுப் பையை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தலையை அசைத்து, மெர்சி மடாம் என்று நன்றி மட்டும் சொன்னார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீ நேற்று வீட்டில் இருந்தாயா, யோகன்? இருந்திருப்பாய் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அவரிடம் திரும்பப் போய் நான் பொய் சொன்னேன் என்று சொல்லட்டுமா என்று அத்தானிடம் கேட்டேன். என்ன பொய் என்று சொல்வாய், அக்கா இல்லை என்றா, படத்தைக் காட்டிவிட்டாயே என்கிறார். சாப்பாட்டுப் பை இன்னும் மேசையில் அப்படியே இருக்கிறது.

பாதி வழியில் இருந்துதான் உன் தோட்டத்தைக் கண்டேன். தூரத்தில், ஒரு மேட்டில். அதுதான் யோகனுடையது என்று அவர்தான் கையைக் காட்டினார், என் பெயரைக் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால்.

அக்கா